கார்ன்வாலிஸ் கோட்டையும் பாட்டியின் தங்கக் கம்பியும்

"அக்கா, இந்தக் கார்ன்வாலிஸ் இங்க வந்து யாரோட சண்டை போட்டாரு?"

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாயான் லெப்பாஸிலிருந்து பேருந்தில் ஜோர்ஜ் டவுன் வந்து, கார்ன்வாலிஸ் கோட்டை வாசலில் நின்றபோது ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் தம்பி கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை. பிரான்சிஸ் லைட் 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதி பினாங்கில் கொடியேற்றினார் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் அந்த அளவுக்கு மனனம் செய்திருக்கிறேன். ஆனால் கோட்டைக்குப் பெயர் தந்தவர் யார் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

இந்தக் கோட்டையில் ஒரு போரும் நடக்கவில்லை என்பது மட்டும் தெரியும். லைட் முதலில் கட்டியது வெறும் மரவேலிதான். இன்று நாம் பார்க்கும் செங்கல் சுவர்கள் 1800-களின் தொடக்கத்தில் எழுந்தவை. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு அந்தச் சுவர்களில் இருக்கிறது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி 1802-இல் இத்தீவுக்குத்தான் கொண்டுவரப்பட்டார். அதை நினைத்துக்கொண்டு சுவரைத் தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

எங்களோடு வந்த பாட்டிக்குப் பிடித்தது பீரங்கி. 1603-இல் வார்க்கப்பட்ட 'ஸ்ரீ ரம்பாய்' என்ற டச்சுப் பீரங்கி அது. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைப்பார்கள் என்று பாட்டி கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் கைப்பேசியில் கார்ன்வாலிஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கிடைத்த பதில் என்னை அமெரிக்காவுக்கு இழுத்துச் சென்றது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் தளபதிகளில் ஒருவர் சார்ல்ஸ் கார்ன்வாலிஸ். 1781 அக்டோபர் 19-ஆம் தேதி வர்ஜீனியாவின் யார்க்டவுனில், ஜார்ஜ் வாஷிங்டன் படையிடமும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையிடமும் சரணடைந்தது இவருடைய சேனைதான். உடம்பு சரியில்லை என்று சொல்லி, சரணடையும் சடங்குக்குத் துணைத் தளபதியை அனுப்பிவிட்டார். போரின் முடிவை எழுதிய தோல்வி அது. அமெரிக்கா பிரிட்டனின் கையைவிட்டுப் போனது. ஆனால் ஐந்தே ஆண்டுகளில் கார்ன்வாலிஸ் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்குகிறார். லைட் பினாங்குக்கு வந்த அதே 1786-ஆம் ஆண்டில்!

"தோத்தவரு பேரையா வெச்சாங்க?" என்றான் தம்பி. வரலாற்றுத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால் நன்றாக இருக்கும்.

இந்தியாவில் கார்ன்வாலிஸ் தோற்கவில்லை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தை முற்றுகையிட்டு, திப்பு சுல்தானைப் பணியவைத்து, அவருடைய இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கிக்கொண்டார். அந்தப் போரில் அவருடைய படைமீது பாய்ந்தவை மைசூர் ராக்கெட்டுகள். இரும்புக் குழாயில் வெடிமருந்தை அடைத்து மூங்கிலில் கட்டி ஏவுவார்கள். இரும்பு என்பதால் உள்ளே அழுத்தம் கூடும், தூரமும் கூடும். 1780-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படை நொறுங்கியதற்கும் இந்த ராக்கெட்டுகள் ஒரு காரணம்.

1799-இல் திப்பு வீழ்ந்தபின் கைப்பற்றப்பட்ட ராக்கெட்டுகள் இங்கிலாந்து சென்றன. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு வில்லியம் காங்கிரீவ் என்பவர் புதிய ராக்கெட்டுகளைச் செய்தார். 1814-இல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் உள்ள மக்ஹென்ரி கோட்டைமீது பிரிட்டிஷ் கப்பல்கள் வீசியவை அந்தக் காங்கிரீவ் ராக்கெட்டுகளே. அன்றிரவைப் பார்த்த பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாடல்தான் இன்று அமெரிக்க தேசிய கீதம். ராக்கெட்டுகளின் சிவந்த ஒளி அதில் வருகிறது. அன்று அந்தக் கோட்டையில் பறந்த கொடி இன்று வாஷிங்டன் நகரின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிலவுக்குப் போய்வந்த அப்போலோ 11 கலம் இருப்பதோ அதே நகரத்தின் வான், விண்வெளி அருங்காட்சியகத்தில்.

நம் அப்துல் கலாம் இதற்குள் எங்கே வருகிறார்? 1963-இல் நாசாவில் பயிற்சிக்குச் சென்றபோது, வாலப்ஸ் தீவு ஏவுதளத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைப் பார்த்ததாக 'அக்கினிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார். ஆங்கிலேயரை எதிர்த்து ராக்கெட் ஏவும் திப்புவின் வீரர்கள் அந்த ஓவியத்தில் இருந்தார்கள். வாலப்ஸ் இருப்பதும் வர்ஜீனியா மாநிலத்தில்தான், யார்க்டவுன் இருக்கும் அதே மாநிலம். அந்த ஆண்டு நவம்பர் 21-இல் கேரளத்தின் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் பறந்தது. அது அமெரிக்கா தந்த ராக்கெட். அன்று அலுவலகமாக இருந்த மாதா கோயில் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

இவ்வளவையும் சொல்லிமுடித்தபோது தம்பி ராக்கெட் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தான். இரண்டு வாரம் கழித்து, கோலாலம்பூரில் அத்தை வீட்டுக்குப் போன சாக்கில், நீலக் குவிமாடத்தோடு குன்றின்மேல் நிற்கும் தேசியக் கோளரங்கத்துக்குச் சென்றோம். கூடத்தில் ஆரியான் 4 ராக்கெட்டின் இயந்திரம் ஒன்று நிற்கிறது. 1996 ஜனவரியில் நம் முதல் செயற்கைக்கோளான மியாசாட் 1-ஐ ஏந்திச் சென்றது அந்த ரக ராக்கெட்தான். தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பாட்டி மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுல ஐசி எங்கம்மா இருக்கும்?"

பாட்டியை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர். எழுபதுகளில், என் வயதில், பாயான் லெப்பாஸில் ஓர் அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நுண்ணோக்கி வழியே பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் வேலை. மூன்று ஷிப்ட். அவை எங்கே போகும், எதற்குப் பயன்படும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. மின்னணுப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நானும் கேட்டதில்லை. "பாட்டி பேக்டரியில இருந்தாங்க" என்று தோழிகளிடம் ஒரே வரியில் முடித்துவிடுவேன்.

அன்றிரவு அத்தை வீட்டில் உட்கார்ந்து பாட்டிக்குக் காட்டினேன். நிலவுக்குச் சென்ற அப்போலோ கலத்தின் கணினி, சுமார் 32 கிலோ. உலகிலேயே ஐசிகளை நம்பிக் கட்டப்பட்ட முதல் கணினிகளில் ஒன்று. அதை வடிவமைத்த தொடக்கக் காலத்தில் ஐசி தந்தவர்களில் முக்கியமானது பேர்சைல்ட் நிறுவனம். அங்கிருந்து 1968-இல் வெளியேறிய ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் தொடங்கியது இன்டெல். 1972-இல் பாயான் லெப்பாஸில் வயல்களுக்கு நடுவே தடையற்ற வணிக வட்டாரம் உருவானபோது முதலில் வந்த நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அப்போலோ 17 நிலவிலிருந்து திரும்பியதும் அதே 1972 டிசம்பரில். அதன்பின் இன்றுவரை யாரும் நிலவில் கால் வைக்கவில்லை.

பாட்டிக்கு ஆண்டுக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒரு படத்தில் மட்டும் நின்றுவிட்டார். அப்போலோ கணினியின் நினைவகம் கையால் நெய்யப்பட்டது. மாசசூசெட்ஸில் ரேதியான் தொழிற்சாலைப் பெண்கள், சின்னஞ்சிறு காந்த வளையங்களின் உள்ளேயும் வெளியேயுமாகக் கம்பியை ஊசியால் கோத்தார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். ஒரு கம்பி தவறினாலும் கணக்கு தவறும்.

"இந்தப் பொம்பளைங்களும் ஷிப்ட் வேலையா?" என்றவர், படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அந்தப் பெண்ணின் விரல்களை உற்றுப் பார்த்தார்.

"கை நடுங்காம இருக்கணும்னா முழங்கைய ஊனிக்கணும். மூச்ச விடாம ஒட்டணும்" என்று சொல்லி, சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றி, இல்லாத இடுக்கியை இரண்டு விரலில் பிடித்து எனக்குச் செய்து காட்டினார். தம்பி எதிரில் உட்கார்ந்து அப்படியே செய்து பார்த்தான். அவன் கை நடுங்கியது. பாட்டியின் கை நடுங்கவில்லை.