குதிரை நோயும் துணைச் சிகிச்சையும்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களை நாம் நன்கறிவோம். தசையைப் பிடித்துவிடும் அக்கைத்தொழில் குதிரைகளுக்கும் பயன்படுகிறது. கால்நடை மருத்துவத்தோடு சேர்த்துச் செய்யப்படும் பிடித்துவிடுதல், அக்குபங்சர், மூலிகைப் பற்று, நீரில் நடத்துதல் முதலியவற்றையே இங்குத் துணைச் சிகிச்சை என்கிறோம்.

குதிரையைப் பற்றிய நூன்மரபு நமக்கும் பழையது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரம் என்னும் வடமொழி நூலைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்தது. ஆனால் ஏட்டில் அறிவு இருப்பது வேறு, லாயத்தில் இருப்பது வேறு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னன் ஆண்டுதோறும் வாங்கிய 2000க்கு மேற்பட்ட குதிரைகளுள் ஆண்டிறுதியில் 100கூட எஞ்சுவதில்லை என்றும், பேணத் தெரியாமையே காரணம் என்றும் எழுதினார். குதிரை வைத்தியர் எவரும் அங்குச் செல்லாதவாறு வணிகர் பார்த்துக்கொண்டனராம். குதிரை மடிந்தால்தானே மறுபடியும் விற்கலாம்!

பழமை ஒன்றே சான்றாகாது என்பதற்குச் சூடிடுதல் தக்க எடுத்துக்காட்டாகும். தசைநாண் புண்பட்ட காலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடிடும் வழக்கம் பல நாடுகளில் நெடுங்காலம் நிலவியது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 1983இல் வெளியிட்ட ஆய்வு, அதனால் தசைநாண் நன்கு ஆறவில்லை எனக் காட்டியது. சூடுபட்ட குதிரை தேறியிருப்பின், பின்னர்க் கிடைத்த நீண்ட ஓய்வே காரணம் எனக் கருதுகிறோம். பிடித்துவிடுதல் தசை இறுக்கத்தைத் தளர்த்தக்கூடும். அதற்கும் சான்றுகள் இன்னும் மெலிந்தவையே. வயிற்றுவலியால் தரையில் உருளும் குதிரைக்கோ ஒவ்வொரு மணி நேரமும் அரிது. குடல் முறுக்குண்டிருக்கையில் தைலம் தேய்த்துக் காலந்தாழ்த்தினால், மருத்துவர் வருமுன் உயிர் போய்விடும்.