மாத்திரையா, வெண்டைக்காயா?

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நமது கிளைகளில் ஓய்வூதியர்களின் நடமாட்டம் கூடிவிடும். ஆயுள் சான்றிதழ் அளிக்க வேண்டிய மாதம் அது. 2014-இல் தொடங்கப்பட்ட ‘ஜீவன் பிரமாண்’ மின்னணு முறை வழியாக, இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து சான்றளிக்க முடியும். ஆயினும் கிளைக்கு நேரில் வந்து, நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவதையே விரும்புவோர் இன்னும் பலர் உள்ளனர். அவர்களுடைய பேச்சைச் சற்றுக் காதுகொடுத்துக் கேட்டால், வைப்புத்தொகை வட்டிக்கு அடுத்தபடியாக அங்கே அடிபடுவது பெரும்பாலும் கொலஸ்ட்ராலாகவே இருக்கும்.

சென்ற நவம்பரில் அப்படியோர் உரையாடல் நம் செவியில் விழுந்தது. “சார், அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தி ஆறு மாதமாயிற்று. இப்போது பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறுதான். ஒரு தொந்தரவும் இல்லை” என்றார் ஒருவர். அருகில் அமர்ந்திருந்தவர், “எனக்கு எல்.டி.எல். 148 என்று வந்திருக்கிறது சார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேனே தவிர, விழுங்கப் பயமாக இருக்கிறது” என்றார். முதலாமவருக்கு மூன்றாண்டுகளுக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டு, இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டிருந்தது என்பது பேச்சின் போக்கில் பிறகே தெரிந்தது. இரண்டாமவருக்கு இரத்த அழுத்தம் இல்லை. சர்க்கரை நோயும் இல்லை. புகைபிடிக்கும் வழக்கமும் கிடையாது. அச்சம் ஆள் மாறி உட்கார்ந்திருப்பதாகவே நமக்குப் பட்டது.

‘இயற்கை வழியா, மருந்தா?’ என்ற கேள்வி இன்று இல்லந்தோறும் எழுகிறது. ஆனால் இவ்விரண்டும் உடலுக்குள் என்ன செய்கின்றன என்று பார்த்தால், அவற்றை எதிரெதிராக நிறுத்துவதே பொருந்தாது என்பது விளங்கும்.

நம் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ முக்கால் பங்கு, உடல் தானே உற்பத்தி செய்துகொள்வது. உயிரணுக்களின் சுவருக்கும், பித்தநீருக்கும், சில ஹார்மோன்களுக்கும் அது இன்றியமையாதது. எல்.டி.எல். என்னும் துகள்களாக இரத்தத்தில் சுற்றிவரும் கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலின் உயிரணுக்களில் உள்ளன. இவற்றைக் கண்டறிந்தமைக்காக மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இரு அமெரிக்க அறிஞர்களுக்கு 1985-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏற்பிகள் போதாதபோது எல்.டி.எல். இரத்தத்தில் தேங்குகிறது, தேங்கியது ஆண்டுக்கணக்கில் தமனியின் சுவரில் படிகிறது. படியும்போது வலி இல்லை, களைப்பில்லை, அறிகுறி எதுவும் இல்லை. ஆகவே, ‘ஒரு தொந்தரவும் இல்லை’ என்பது இந்நோயில் எதற்கும் சான்றாகாது. வட்டிக்கு வட்டி ஏறுவதைப் போல, எத்தனை ஆண்டுகள் எவ்வளவு தேங்கியது என்ற கூட்டுத்தொகைதான் இறுதியில் கணக்கில் வரும்.

ஸ்டாட்டின் மாத்திரை, கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்திக்கு உதவும் ஒரு நொதியைத் தடுக்கிறது. கையிருப்புக் குறைந்த கல்லீரல், ஏற்பிகளை அதிகமாக்கி இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. ஓட்ஸ், பார்லி, வெண்டைக்காய், இசப்கோல் போன்றவற்றின் கொழகொழப்பான நார்ச்சத்தோ, குடலில் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. புதிதாகப் பித்தம் சுரக்கக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதற்காக அதுவும் ஏற்பிகளையே கூட்டுகிறது. தட்டுவது வேறு வேறு கைகள்; கதவு ஒன்றே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையின் பிறப்பிடமும் இயற்கைதான். ஜப்பானிய உயிர்வேதியியலாளர் அகிரா எண்டோவும் அவருடைய குழுவினரும் சுமார் 6,000 பூஞ்சைகளைச் சலித்துப் பார்த்த பின், 1973-இல் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தனர். கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் படர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணமே அதைத் தந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று ‘முற்றிலும் இயற்கையானது’ என்ற முத்திரையோடு விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிகைகளில் இருப்பதும் அதே லோவாஸ்டாட்டின் மூலக்கூறுதான். எவ்வளவு இருக்கிறது என்பது குப்பிக்குக் குப்பி மாறும் என்பதே வேறுபாடு. மாத்திரைக்கு அஞ்சி இதை நாடுவோர், அளவு தெரியாமல் அதே மருந்தைத்தான் உட்கொள்கின்றனர்.

உணவு எவ்வளவு தூரம் உதவும்?

கனடாவின் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்னும் மருத்துவ அறிஞர் நடத்தி, 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மையான விடை தருகிறது. 46 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு நிறைகொழுப்புக் குறைந்த சாதாரண உணவு. இன்னொரு குழுவுக்கு அதே உணவோடு 20 மில்லிகிராம் லோவாஸ்டாட்டின். மூன்றாவது குழுவுக்கு மருந்தின்றிப் பாதாம், சோயா, தாவர ஸ்டீரால் சேர்த்த மார்ஜரின், ஓட்ஸ், பார்லி, இசப்கோல், இவற்றோடு வெண்டைக்காயும் கத்தரிக்காயும். ஒரு மாத முடிவில் மாத்திரைக் குழுவினரின் எல்.டி.எல். 31 சதவீதமும், வெண்டைக்காய்க் குழுவினரின் எல்.டி.எல். ஏறத்தாழ 29 சதவீதமும் குறைந்திருந்தன. மருந்துக்கு நிகராக உணவு நின்றது.

இத்துடன் நிறுத்திவிட்டால் வாசகர்களுக்குப் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம். அந்த ஒரு மாதமும் அவர்களுக்குரிய உணவை ஆய்வுக்கூடமே அளந்து வழங்கியது. அதே ஜென்கின்ஸ், 2011-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 351 பேருக்கு ஆலோசனை மட்டும் அளித்து, வீட்டிலேயே சமைத்து உண்ணச் செய்தார். ஆறு மாதத்தில் கிடைத்த குறைவு 13 சதவீத அளவே. திருமண விருந்தும், பண்டிகைப் பலகாரமும், மாலை நேரப் பஜ்ஜியும் உள்ள வாழ்க்கையில் எதிர்பார்க்கத்தக்கது இந்த இரண்டாவது எண்தான். 148 என்னும் எல்.டி.எல்.லில் 13 சதவீதம் குறைந்தால் 129 ஆகும். அது சிறிதன்று, சிலருக்குப் போதாமலும் இருக்கலாம்.

நம் சமையலறையில் மாற்றத்தக்கவற்றுள் முதன்மையானது எண்ணெய். ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று எண்ணெய்ப் புட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மகிழ வேண்டியதில்லை. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் சொல்லத்தக்க அளவில் இருப்பதில்லை. பார்க்க வேண்டியது நிறைகொழுப்பு. நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றில் அது மிகுதி. தேங்காய் எண்ணெயை விட்டு மற்ற தாவர எண்ணெய்களுக்கு மாறினால் எல்.டி.எல். சராசரியாக 10 மில்லிகிராம் வரை குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது. தேங்காயைத் துருவிப் பொரியலில் தூவுவதைப் பற்றியன்று, நாள்தோறும் அதன் எண்ணெயிலேயே பொரிப்பதைப் பற்றியே இங்குப் பேசுகிறோம். வனஸ்பதியிலிருந்த டிரான்ஸ் கொழுப்பைப் பொறுத்தவரை, 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்கு மேல் கூடாதென அரசு வரம்பு விதித்துவிட்டது. ஆனால் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் கடைகளை எந்த ஆணையும் முழுமையாக எட்டாது.

இசப்கோல் நம் நாட்டுச் சரக்கு. குஜராத், ராஜஸ்தான் வயல்களில் விளைந்து உலகெங்கும் ஏற்றுமதியாகிறது. நம் வீடுகளில் மலச்சிக்கலுக்கு மட்டுமே நினைவுக்கு வரும் இந்தத் தவிட்டை நாளொன்றுக்கு 10 கிராம் அளவில், நிறையத் தண்ணீருடன் உட்கொண்டால் எல்.டி.எல். ஓரளவு இறங்குகிறது. மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இடையே ஓரிரு மணி நேர இடைவெளி வேண்டும். நடைப்பயிற்சி எல்.டி.எல்.லை அதிகம் குறைப்பதில்லை. ஆயினும் டிரைகிளிசரைடு, இரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றுக்கும் அது நல்லது.

பூண்டைப் பற்றியும் கூறியாக வேண்டும். 2022-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை, மீன் எண்ணெய் உள்ளிட்ட ஆறு துணைப்பொருள்களைக் குறைந்த அளவு ரோசுவாஸ்டாட்டினோடு ஒப்பிட்டனர். 28 நாளில் மாத்திரை ஏறத்தாழ 38 சதவீதம் எல்.டி.எல்.லைக் குறைத்தது. மற்ற ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. பூண்டுக் குளிகை உண்டோருக்கு எல்.டி.எல். சற்று ஏறியே இருந்தது. ரசத்தில் போடும் பூண்டை இது குறை கூறவில்லை. ஸ்டென்ட் வைத்தவர் அதை மருந்துக்கு மாற்றாகக் கொள்வதுதான் கவலைக்குரியது.

மாத்திரையின் மறுபக்கம்

பக்கவிளைவுகள் கட்டுக்கதையல்ல. செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து, தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும் கேடு மிகுந்ததால் 2001-இல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இன்று பயன்பாட்டிலுள்ள ஸ்டாட்டின்களில் அத்தகைய பெருங்கேடு மிக அரிது. சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, 255 பேர் நான்கு ஆண்டுகள் மருந்துண்டால் கூடுதலாக ஒருவருக்கு அது வருகிறது எனக் கணக்கிட்டுள்ளனர். அவர்களிற் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்நோயின் விளிம்பில் நிற்பவர்கள். சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் பூஞ்சைக்கொல்லிகளும் சில ஸ்டாட்டின்களுடன் சேர்ந்தால் ஆபத்து கூடும். கருத்தரிக்க எண்ணும் பெண்கள் மருத்துவரிடம் முன்னரே சொல்ல வேண்டும்.

அதிகம் பேசப்படும் தசைவலியைப் பற்றி இலண்டனில் ஓர் அரிய சோதனை நடந்தது. பக்கவிளைவு தாளாமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு நான்கு மாதம் ஸ்டாட்டினும், நான்கு மாதம் வெற்று மாத்திரையும், நான்கு மாதம் எதுவுமின்றி வெறும் குப்பியும், வரிசை மாற்றித் தரப்பட்டன. அவர்கள் ஸ்டாட்டினின்போது உணர்ந்த துன்பத்தில் 90 சதவீதம், வெற்று மாத்திரையின்போதும் இருந்தது. 2020-இல் வெளியான இம்முடிவை, ‘வலி வெறும் பிரமை’ என்று பொருள் கொள்ளலாகாது. வலி மெய்யே, அதை மூட்டியதில் மருந்தைவிட அச்சத்தின் பங்கு பெரிது. அறிந்தபின் அவர்களில் பாதிப்பேர் மருந்தை மீண்டும் தொடங்கினர்.

அச்சத்துக்கு விலையும் உண்டு. டென்மார்க்கில் ஏறத்தாழ 6,75,000 ஸ்டாட்டின் பயனாளர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மருந்துக்கு எதிரான செய்திகள் மிகுந்த காலத்தில் அதை விரைவில் நிறுத்துவோர் கூடியிருந்தனர்; நிறுத்தியவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 26 சதவீதம் அதிகமாக இருந்தது. அங்கே செய்தித்தாள் செய்ததை, இங்கே காலை வணக்கத்தோடு வரும் வாட்ஸ்அப் செய்தி செய்கிறது.

ஆகவே எடைபோட வேண்டியது மருந்தின் கேட்டை மட்டுமன்று, அவரவருக்குள்ள அபாயத்தையும்தான். இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுவானவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழும், சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவை உள்ள அதிக அபாயத்தினருக்கு 70-க்குக் கீழும், மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழும் இருத்தல் வேண்டும். தென்னாசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. இந்த ஆறாண்டு இடைவெளிதான் நம் கணக்கைக் கடுமையாக்குகிறது. எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் அது பெரும்பாலும் பரம்பரைக் கூறு. எத்தனை கட்டுப்பாடான உணவும் தனித்துப் போதாது. பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும்.

மருந்தும் உணவும் கைகோக்கும்போது கிடைப்பது இன்னும் நல்லது. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம் மட்டுமே. 2005-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், 10 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினோடு 15 கிராம் இசப்கோல் சேர்த்தவர்களுக்கு, 20 மில்லிகிராம் உண்டவர்களுக்கு நிகரான பலன் கிடைத்தது. பக்கவிளைவுக்கு அஞ்சுவோர், மருந்தை விடாமல் அளவைக் குறைக்க இதுவும் ஒரு வழி.

செலவைப் பற்றி ஒரு சொல்: அடோர்வாஸ்டாட்டின் தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருப்பதால் அதற்கு விலை வரம்பு உண்டு, மக்கள் மருந்தகங்களில் இன்னும் மலிவு.

அந்த இருவரின் பெயரும் வரிசையில் அழைக்கப்பட, பேச்சு அத்துடன் முடிந்தது. அவர்கள் இவ்விதழைக் காண நேர்ந்தால், ஸ்டென்ட் வைத்தவர் அடுத்த நவம்பர் வரை காத்திராமல் இவ்வாரமே தம் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலி இருந்ததால் நிறுத்தியிருந்தால் அதைச் சொல்லி, அளவையோ மருந்தையோ மாற்றித் தரக் கேட்கலாம். 148 உள்ளவர், தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும் என்பதால் முதலில் அதைப் பரிசோதித்துக்கொண்டு, ‘மூன்று மாதம் உணவால் முயன்று பார்க்கலாமா?’ என்று மருத்துவரிடமே கேட்கட்டும். அவர் சம்மதித்தால், மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையைச் செய்து, பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் ஒன்றாக எடுத்துச் செல்லட்டும்.