வசூல் 124 கோடி டாலர்... கதை எங்கே?

2004-ல் வந்த ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ படத்தில் வில்லனைவிட அதிகமாகப் பயமுறுத்தியது ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். ஒரு காலத்தில் சூப்பர் ஹீரோவாக ஊரையே காப்பாற்றிய பாப், தொப்பையும் டையுமாகக் குட்டிக் கேபினுக்குள் முடங்கிக் கிடப்பார். க்ளெய்ம் கேட்டு வந்த பாட்டிக்கு, மேனேஜருக்குத் தெரியாமல் குறுக்கு வழி சொல்லிக் கொடுப்பார். அவருடைய கோட்டில் ஒட்டிய ஒற்றை முடியைப் பார்த்து மனைவி ஹெலன் சந்தேகப்படுவார். குழந்தைகள் படம் என்ற பெயரில், நாற்பதைத் தொட்ட ஒரு மனிதனின் மனப்புழுக்கத்தை எழுதியிருந்தார் இயக்குநர் பிராட் பேர்ட். அந்தப் படத்துக்கு இரண்டு ஆஸ்கர்களும் கிடைத்தன.

இரண்டாம் பாகத்துக்கு 14 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018 ஜூனில் வந்த அந்தப் படம், முதல் பாகம் முடிந்த நொடியிலிருந்து தொடங்குகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தியேட்டரில் முதல் படம் பார்த்த பத்து வயதுப் பிள்ளைகள் கல்லூரியை முடித்துவிட்டார்கள். திரையில் பாப்பின் பிள்ளைகள் வயலெட்டும் டேஷும் ஒரு நாள்கூட வளரவில்லை. சரி, கார்ட்டூன் பாத்திரங்களுக்கு வயதாக வேண்டாம். கதைக்காவது வயது ஏறியிருக்கலாம் அல்லவா? முதல் படத்தில் பாப் கற்ற பாடமே ‘இது என் ஒருவனின் சாகசம் அல்ல, குடும்பத்தின் வேலை’ என்பதுதான். இங்கே மறுபடி ஒருவர் வெளியே சாகசம் செய்ய, இன்னொருவர் வீட்டில் பொருமுகிறார். ஆள்தான் மாறியிருக்கிறார். ஹெலன் பைக்கில் ரயிலைத் துரத்துகிறார். பாப் புதுமுறைக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறார்.

அந்த ரயில் காட்சி அபாரம். கைக்குழந்தை ஜாக்-ஜாக், கொல்லைப்புறத்தில் ரக்கூனோடு போடும் சண்டைக்குத் தனியாகவே டிக்கெட் வாங்கலாம். மைக்கேல் ஜியாக்கினோவின் இசையிலும் குறையில்லை. இவ்வளவும் இருந்தும் படம் முடிந்தபின் மனதில் எதுவும் தங்கவில்லை.

எனக்குத் தீராத வருத்தம் வில்லி ஈவ்லின் விஷயத்தில். அவளுடைய வீட்டுக்குள் திருடர்கள் நுழைகிறார்கள். அப்பா பாதுகாப்பு அறைக்குள் ஓடாமல், சூப்பர் ஹீரோக்கள் வருவார்கள் என்று போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யாரும் வரவில்லை, சுட்டுக் கொல்லப்படுகிறார். ஹீரோக்கள் தலைமறைவானதால்தான் அப்பா செத்தார் என்கிறான் சகோதரன் வின்ஸ்டன். ஹீரோக்களை நம்பியதால்தான் செத்தார் என்கிறாள் ஈவ்லின். ஒரே சாவு, இரண்டு நியாயங்கள்! இதை வைத்தே முழுப் படமும் எடுத்திருக்கலாம். படமோ அவளிடம் பதில் சொல்லாமல், ஹிப்னாடிஸக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, கப்பலை ஊரை நோக்கிப் பாயவிட்டு, கடைசியில் போலீஸ் வண்டியில் ஏற்றிவிடுகிறது. படத்தில் வரும் முகமூடி வில்லனுக்குப் பின்னால் இருப்பவள் அவள்தான் என்பதையும் பாதிப் படத்திலேயே ஊகித்துவிடலாம். சந்தேகப்பட வேறு ஆளே இல்லை.

‘வாழ்வதை விட்டுவிட்டுத் திரையையே வெறிக்கிறீர்கள்’ என்று மக்களைச் சாடும் பேச்சு ஒன்றும் அவளுக்கு இருக்கிறது. படத்திலேயே கூர்மையான வசனம் அது. அதைக் கேட்டுச் சுருக்கென்று உணர்வதற்குள் அடுத்த துரத்தல் தொடங்கிவிடுகிறது.

இந்தக் குறைகளுக்கு அவசரமும் ஒரு காரணம். 2019-ல் வர வேண்டிய படத்தை, ‘டாய் ஸ்டோரி 4’ தாமதமானதால் ஓராண்டு முன்னுக்கு இழுத்தது பிக்ஸார். ஆனாலும் வேலைப்பாட்டில் அவசரம் தெரியவில்லை, திரைக்கதையில்தான் தெரிகிறது.

வசூலுக்குக் குறைவில்லை. உலகம் முழுக்க 124 கோடி டாலருக்கும் மேல். முதல் பாகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால், சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ தட்டிச் சென்றது. சரியான தீர்ப்பு. மூன்றாம் பாகம் வருமென 2024-ல் அறிவித்துவிட்டார்கள். அது வருவதற்குள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பாகத்தைப் போட்டுக் காட்ட நினைத்தால், யோசிக்காமல் முதல் பாகத்தைப் போடுங்கள்.