பழைய இரு சில்லு உழவு இயந்திரத்தைப் பேணல்

ரே விஜேவர்தன 1950களில் உருவாக்கிய இயந்திரத்தின் பெயரால், இரு சில்லு உழவு இயந்திரங்களை ‘லான்ட்மாஸ்டர்’ எனக் கமக்காரர் இன்றும் அழைப்பர். பாலையூற்று முதலிய திருகோணமலைப் பகுதிகளில் வடகீழ்ப் பருவமழையுடன் பெரும்போக உழவு தொடங்கும். அவ்வேளையில் இயந்திரம் நின்றுவிடின் விதைப்புக் காலம் தவறும். ஆதலின், பழைய இயந்திரமொன்றை முதன்முறையாக வாங்குவோர், அதனை வயலில் இறக்குமுன் பின்வருவனவற்றைச் செய்தல் வேண்டும்.

1. இயந்திரத்தைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, எண்ணெய் இளஞ்சூடாயிருக்கையில் வடித்துவிடுக. அழுக்கும் உடன் வெளியேறும். பின் கைநூலிற் கூறிய எண்ணெயை அளவறிந்து ஊற்றுக.

2. கியர்ப்பெட்டி எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின், உள்ளே நீர் புகுந்துள்ளது. பெரும்பாலும் அச்சின் எண்ணெய்ச் சீல் தேய்ந்திருக்கும். சீலை மாற்றாது எண்ணெயை மட்டும் மாற்றுவதாற் பயனில்லை.

3. காற்று வடிகட்டியைத் துப்புரவாக்குக. உட்புகுந்த தூசு சிலிண்டரையும் பிஸ்டனையும் தேய்த்து வலுவைக் குறைக்கும்.

4. நீரால் குளிரும் இயந்திரத்துக்கு நன்னீரே ஊற்றுக. கடலையண்டிய கிணறுகளின் உவர்நீர் துருவை உண்டாக்கும்.

5. சேற்றுழவு முடிந்ததும், இயந்திரம் ஆறியபின் கழுவி, உலர்த்தி, கிறீஸ் இடுக.

எண்ணெய் மாற்றிய நாளையும் ஓடிய மணிகளையும் கொப்பியொன்றிற் குறித்துவரின், அடுத்த மாற்றம் தவறாது.