நிமிர்ந்து நின்றதா குற்றம்?

முதுகுவலிக்கு மனிதன் இரண்டு காலில் எழுந்து நின்றதே காரணம் என்பது பலரின் நம்பிக்கை. திருவனந்தபுரத்துக் களரியின் எட்டு மிருகங்களையும் உடற்கூறு விஞ்ஞானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது சி.வி.என். களரி. காலை வகுப்பு தொடங்கியதும் அங்கே மனிதர்கள் மிருகங்களாகிவிடுகிறார்கள். தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் மண்தளம். எண்ணெய் மினுங்கும் உடம்புகள். வாய்த்தாரி எனப்படும் வாய்மொழிக் கட்டளைகள் இடைவெளியில்லாமல் வந்து விழ, மாணவர்கள் தாழ்ந்து, எழுந்து, பாய்ந்து, திரும்பி, மறுபடி தாழ்கிறார்கள். ஒரு கணம் யானை, மறுகணம் சிங்கம்.

யானை, சிங்கம், குதிரை, காட்டுப்பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில். இவைதாம் களரிப்பயிற்றின் எட்டு வடிவுகள். பரம்பரைக்குப் பரம்பரை பட்டியல் சற்று மாறும். சிலருக்கு மீனும் உண்டு. வடக்கு மலபாரில் நலிந்து கிடந்த கலைக்குப் புத்துயிர் தந்தவர்களில் முக்கியமானவர் சி.வி. நாராயணன் நாயர். அவர் பெயரைத் தாங்கிய இந்தக் களரியை 1956இல் திருவனந்தபுரத்தில் நிறுவியவர் மகன் கோவிந்தன்குட்டி நாயர். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. அந்த மாவட்டத்திலும் அதை ஒட்டிய தென் திருவிதாங்கூரிலும் தமிழ்ச் சொற்களோடு வாழ்ந்துவரும் அடிமுறையும் வர்மமும் களரியின் தெற்கத்தி உறவுகள்.

எட்டு வடிவுகளும் போர்வீரனின் கற்பனை. உடற்கூறு சாஸ்திரம் பார்த்து யாரும் அவற்றை அமைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மிருகமும் தன் நடுவுடம்பில் எதை அசைக்கிறது, எதை அசையாமல் பிடித்து வைக்கிறது என்று பார்த்தால், மனித முதுகைப் பற்றிய ஒரு பழைய தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது. விஷயம் சின்னதல்ல. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியோடு வாழ்ந்ததாக 2023இல் வெளியான சர்வதேசக் கணக்கு கூறுகிறது. 2050இல் இது 84.3 கோடியாகுமாம். மனிதர்களை முடக்கிப்போடும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் இதற்குத்தான்.

பக்கவாட்டிலிருந்து மேலும் கீழும்

முதுகெலும்பு முதன்முதலில் நீந்துவதற்காகவே வளைந்தது. மீனின் உடம்பில் இரு பக்கமும் அடுக்கடுக்காக இருக்கும் தசைகள் மாறி மாறிச் சுருங்க, தலையிலிருந்து வாலுக்கு ஓர் அலை ஓடுகிறது. உடம்பு இடமும் வலமுமாக நெளிகிறது. கரையேறிய பல்லி இனமும் அதே நெளிவைக் கைவிடவில்லை. அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. உடம்பை நெளிக்கும் தசைகளே விலாவை அசைத்து மூச்சு வாங்கவும் வேண்டும். ஓட்டமா, மூச்சா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. பல பல்லி வகைகள் விறுவிறுவென்று ஓடிச் சட்டென்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அமெரிக்க உயிரியல் நிபுணர் டேவிட் காரியர் 1987இல் விளக்கினார். தொண்டையைத் துருத்திபோல் இயக்கிக் காற்றை உள்ளே தள்ளும் உடும்பு இதற்கு விலக்கு.

பாலூட்டிகள் நெளிவின் திசையையே மாற்றின. இடம் வலம் போய், மேலும் கீழும் வந்தது. மீனின் வால் பக்கவாட்டில் அடிக்கிறது. கடலுக்குத் திரும்பிய பாலூட்டியான திமிங்கிலத்தின் வாலோ மேலும் கீழும் அடிக்கிறது. இதன் உச்சம் சிவிங்கிப்புலி. 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் கூனோவுக்கு வந்திறங்கிய இனம். பாயும்போது அதன் முதுகு வில்லாக வளைந்து நிமிர்கிறது. ஒவ்வொரு நிமிர்விலும் எட்டு நீள்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்துக்குக் கால்கள் மட்டும் போதாது.

களரியின் குதிரை அப்படியல்ல. பாயும் குதிரையின் முதுகு பெரும்பாலும் விறைப்பாகவே இருக்கிறது. பெரிய வளைவு, இடுப்பெலும்போடு முதுகு சேரும் இடத்தில்தான். வயிற்றுச் சுவரின் தசைகளும் மீள்தன்மை கொண்ட சவ்வும் கனத்த குடலைத் தூளிபோல் தாங்குகின்றன. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று தாளம் பிசகாது.

யானை இன்னும் கெட்டி. பத்தொன்பது இருபது ஜோடி விலா எலும்புகள் ஏறத்தாழ இடுப்பு வரை நீள்கின்றன. வளைவதற்கு மிச்சமிருக்கும் இடம் மிகக் கொஞ்சம். யானை பாய்வதில்லை; நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புவதுமில்லை. அப்படியிருந்தும் அது மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகம் எடுப்பதைத் தாய்லாந்து யானைகளை வைத்து 2003இல் அளந்தார்கள்.

பாம்புக்கு முள்ளெலும்புகள் சாதாரணமாக இருநூறிலிருந்து நானூறு வரை. அவ்வளவு நெளிந்தும் அது முறுக்கிக்கொண்டு சேதமடைவதில்லை. அடுத்தடுத்த எலும்புகளுக்கு நடுவே கூடுதலாக ஒரு பூட்டு இருப்பதே காரணம். களரியின் பாம்பு வடிவில் மேலுடம்பு எந்தத் திசைக்கும் திரும்பும், அடிப்பகுதி மண்ணை விட்டு நகராது. பூனைக்கு முறுக்கலே பலம். தலைகீழாக விழும் பூனை முன்பாதியை ஒரு பக்கமும் பின்பாதியை மறுபக்கமும் திருப்பி, நாலு காலில் இறங்குவதைப் பிரெஞ்சு விஞ்ஞானி மாரே 1894இல் தொடர் புகைப்படங்களாகப் பதிவு செய்தார். சேவல் இதற்கு நேரெதிர். அதன் முதுகில் பல எலும்புகள் ஒன்றாக ஒட்டிப்போனவை. அசைவெல்லாம் கழுத்தில்.

ஆக, வளைவது மட்டும் முதுகின் வேலையல்ல. வளையாமல் நிற்பதும் வேலைதான். எந்த இடத்தில் எது என்பதை ஒவ்வொரு மிருகமும் தன் பிழைப்புக்கு ஏற்பத் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

தாங்கும் தசைகள்

மனிதனின் 33 முள்ளெலும்புகளில் அசையக்கூடியவை 24. கழுத்தில் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான். பிறந்த குழந்தையின் முதுகு ஒரே வளைவு. தலை நிற்கும்போது கழுத்தின் வளைவும், உட்கார்ந்து நடை பழகும்போது இடுப்பின் வளைவும் உருவாகின்றன. இந்த வளைவுகளால் உடம்பின் எடை முதுகுத்தண்டை ஒட்டியே கீழே இறங்குகிறது. சும்மா நிற்க முதுகுத் தசைகளுக்கு அதிக உழைப்பு தேவையில்லை.

சும்மா நிற்காதபோதுதான் அவற்றின் வேலை தெரியும். ஒரு கையில் தண்ணீர் வாளியைத் தூக்கினால் உடம்பு அந்தப் பக்கம் சாயாமல் எதிர்ப்பக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அதே எடையை இரண்டு வாளிகளில் பிரித்துத் தூக்கினால் முதுகுக்குச் சுமை குறைகிறது. மனிதனின் நடுவுடம்புத் தசைகள் அசைவை உண்டாக்குவதோடு, வேண்டாத அசைவைத் தடுப்பதிலும் பெரும் பங்கு வகிக்கின்றன. முன்னால் வயிற்றுத் தசை, பின்னால் முதுகுத் தசை, மேலே உதரவிதானம், அடியில் இடுப்புத் தளம். நான்கும் சேர்ந்து காற்றடைத்த உருளைபோல் முதுகுத்தண்டுக்கு முட்டுக் கொடுக்கின்றன. களரி குருக்கள்மார் நாபிமூலம் என்று தொப்புளுக்குக் கீழே சுட்டி, அங்கிருந்து அசைவு புறப்பட வேண்டும் என்று கற்பிப்பது இந்த இடத்தைத்தான்.

சுமை எவ்வளவு? 1999இல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் முதுகு டிஸ்க்குக்குள் அழுத்தமானியைப் பொருத்தி அளந்தார்கள். மல்லாந்து படுக்கும்போது அழுத்தம் 1 என்று வைத்துக்கொண்டால், நிற்கும்போது 5. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கும்போது 23. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 17. தளர்ந்து உட்கார்ந்திருக்கும்போது நிற்பதைவிடச் சற்றுக் குறைவு. நிற்பதைவிட உட்காருவதில்தான் அழுத்தம் அதிகம் என்று 1960களிலிருந்து பாடப்புத்தகங்கள் சொல்லிவந்ததை இந்த அளவீடு அசைத்தது.

குற்றவாளி யார்?

நாலு காலில் இருந்தவன் எழுந்து நின்றான், அன்று பிடித்தது முதுகுவலி என்ற வாதம் கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சாட்சிகள் ஒத்துழைக்க மறுக்கிறார்கள்.

முதல் சாட்சி ஆடு. நாலுகால் பிராணியின் முதுகு இரண்டு தூண்களுக்கு நடுவே கிடக்கும் பாலம், அதன் டிஸ்க்குகளுக்கு அழுத்தம் குறைவு என்று நினைப்பது எளிது. எலும்புக்குள் பார்த்தால் நுண்ணிய தூண்கள் நீளவாட்டில் ஓடுகின்றன. சுமை இறங்கும் திசையில்தான் எலும்பு இப்படி வளரும். உடம்பு நடுவில் தொய்யாமலிருக்கத் தசைகள் இழுத்துப் பிடிப்பதால், படுக்கைவாட்டில் இருக்கும் முதுகும் நீளவாட்டிலேயே நசுக்கப்படுகிறது. நாலுகால் பிராணிகளின் முள்ளெலும்பு மனிதனுடையதைவிட அடர்த்தியானது என்பதை 2002இல் டச்சு ஆய்வாளர் தியோ ஸ்மித் எடுத்துக்காட்டினார்.

இரண்டாவது சாட்சி, அடுக்குமாடி வீடுகளில் செல்லமாக வளரும் டாஷ்ஹண்ட் நாய். அது ஒருநாளும் நிமிர்ந்து நின்றதில்லை. ஆனால் டிஸ்க் பிதுங்கிப் பின்னங்கால்கள் செயலிழந்து கால்நடை மருத்துவரிடம் வரும் நாய்களில் இந்த இனம் பெயர்பெற்றது. காரணம், குட்டைக் காலுக்காக மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த மரபணுக் கோளாறு. டிஸ்க்குகள் சின்ன வயதிலேயே கெட்டித்துப் போகின்றன.

மூன்றாவது சாட்சி விண்வெளியிலிருந்து வருகிறது. திருவனந்தபுரத்துக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி. ககன்யான் பயணத்துக்குத் தேர்வான நால்வரின் பெயர்களும் 2024 பிப்ரவரி 27 அன்று அறிவிக்கப்பட்டது இந்த ஊரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில்தான். அவர்களில் ஒருவரான சுபான்ஷு சுக்லா 2025இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்தார். நிமிர்ந்து நிற்பதுதான் குற்றமென்றால், எடையே இல்லாத இடம் முதுகுக்குச் சொர்க்கமாக இருக்க வேண்டும். நடப்பது வேறு. முதுகுத்தண்டு நீள்கிறது; பயணத்தின் தொடக்க நாட்களில் பலருக்கு முதுகு வலிக்கிறது. நான்கு முதல் ஏழு மாதம் அங்கே இருந்த ஆறு பேரைப் பரிசோதித்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், இடுப்புப் பகுதியின் முதுகுத் தசை 19 சதவீதம் சுருங்கியிருந்தது. பூமிக்குத் திரும்பி ஓரிரு மாதங்கள் ஆன பின்பும் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் திரும்பியிருந்தது. விண்வெளி வீரர்களுக்கு டிஸ்க் பிதுங்கும் அபாயம், ஒப்பிடப்பட்ட மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று 2010இல் இன்னொரு ஆய்வு கணக்கிட்டது.

சுமை முதுகைக் கெடுக்கலாம். சுமையே இல்லாமலிருப்பதும் கெடுக்கிறது. நிமிர்ந்த உடம்பு தன் தசைகளை நம்பி வடிவமைக்கப்பட்டது. அவற்றுக்கு வேலை கொடுக்காமல் நிறுத்துவது தூணை உருவிவிட்டுக் கூரையைக் குறை சொல்வது போல.

படுக்கையா, பயிற்சியா?

இந்த வேறுபாடு வலியோடு வாழ்பவர்களுக்கு வெறும் சர்ச்சையல்ல. நிமிர்ந்ததே குற்றம் என்று நம்புகிறவர் முதுகை உடையக்கூடிய பொருளாகப் பாவிக்கிறார். வாரக்கணக்கில் படுக்கிறார், பெல்ட்டைக் கழற்ற அஞ்சுகிறார், குனிவதை நிறுத்துகிறார். தசை மெலிகிறது. மெலிந்த தசையோடு எழுந்தால் வலி முன்னைவிடக் கூடுகிறது. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கின் நாற்காலிகளிலும், நெடுஞ்சாலை லாரிகளிலும், தையல் மெஷின்களுக்கு முன்னாலும் இந்தச் சுழலில் மாட்டிக்கொள்ள வாய்ப்புள்ளவர்கள் ஏராளம்.

லான்செட் மருத்துவ இதழ் 2018இல் வெளியிட்ட கட்டுரைத் தொடரின் சாரம் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது: பெரும்பாலான இடுப்புவலிக்குப் படுக்கை மருந்தல்ல. இயன்றவரை நடமாட வேண்டும், வேலையைத் தொடர வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும். எந்தப் பயிற்சி என்பதிலும் ஒரு படிப்பினை உண்டு. கையை உயர்த்தும் முன்பே வயிற்றின் உட்தசை ஒன்று தயாராகிவிடுகிறது என்றும், முதுகுவலிக்காரர்களிடம் அது தாமதிக்கிறது என்றும் 1996இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தத் தசையை மட்டும் தனியே பயிற்றும் முறை உலகெங்கும் பரவியது. பின்னால் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது மற்றப் பயிற்சிகளைவிடப் பெரிதாக மேலானதல்ல என்று தெரிந்தது. முழு உடம்பும் தொடர்ந்து அசைவதே பலனளிக்கிறது.

களரியின் மெய்ப்பயிற்று அப்படி முழு உடம்பும் சேர்ந்து அசைவதுதான். தாழ்ந்த நிலையில் யானைபோல் கனமாக ஊன்றுவதும், பூனைபோல் ஓசையில்லாமல் இறங்குவதும், சேவல்போல் ஒற்றைக் காலில் நிற்பதும் நடுவுடம்பைப் பிடித்து வைக்கவும் விடுவிக்கவும் பழக்குகின்றன. அதற்காக முதுகு வலிக்கிறவர்களெல்லாம் நாளைக்கே உயரக் கால்வீச்சில் இறங்கலாம் என்பதில்லை. களரி பிறந்தது போருக்காக. அதன் பாய்ச்சல்களும் திருப்பங்களும் ஆண்டுக்கணக்கில் படிப்படியாக வருபவை. காலில் பலம் குறைவது, மரத்துப் போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, காய்ச்சலோடு அல்லது விபத்துக்குப் பின் வரும் வலி ஆகியவை பயிற்சிக்கோ உழிச்சிலுக்கோ காத்திருக்கக் கூடாதவை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

மற்றவர்களுக்கு எட்டு வடிவுகளும் தேவையில்லை. நடை போதும், மாடிப்படி போதும், அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுவது போதும். களரியில் குழந்தையைச் சேர்க்க ஏழு வயது என்பது பழைய வழக்கம். முதுகைப் பற்றிய பயம் இன்னும் தொற்றிக்கொள்ளாத வயது அது.