வேளாண் மானியமும் பயனாளிகள் பட்டியலும்

அரசாங்கம் உழவர்களுக்கு அளிக்கும் உதவி இருவகைப்படும். உர மானியம் போன்றவை உற்பத்தி நிறுவனங்களின் வழியே, விலைக்குறைப்பாக உழவரை அடைகின்றன. எவருக்கு எவ்வளவு கிட்டியது என்று அவற்றில் பெயர் குறித்துக் காட்டுதல் எளிதன்று. மற்றொரு வகை, ரொக்கமாகவே வங்கிக் கணக்கில் சேர்வது. இதில் பெயரும் தொகையும் பதிவாகிவிடுகின்றன. அப்பதிவைப் பொதுமக்கள் காணலாமா என்ற கேள்வி இங்குதான் கூர்மை பெறுகிறது.

2019 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் இவ்வகையில் முதன்மையானது. நிலமுடைய குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணைகளில் வழங்கப்படுகிறது. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுடையோர்க்கே உரியதாயிருந்து, அதே ஆண்டு ஜூன் முதல் எல்லா நிலவுடைமைக் குடும்பங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வருமானவரி செலுத்துவோர், பெரும்பாலான அரசு ஊழியர் முதலியோர்க்கு இதில் இடமில்லை. பயனாளிகள் பட்டியலைக் கிராம அளவில் வெளியிட வேண்டும் என்பதும், விடுபட்டோர் முறையிட வாய்ப்பளிக்க வேண்டும் என்பதும் திட்ட நெறிமுறைகளிலேயே உள்ளன.

ஆனேக்கல் போன்ற வட்டத்தில் இவ்விதியின் தேவை நன்கு விளங்கும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இவ்வட்டத்தில் ராகி வயலும் மல்பெரித் தோட்டமும் ஒருபுறம். ஜிகணி, பொம்மசந்திரா, அத்திபெலே தொழிற்பேட்டைகள் மறுபுறம். கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம் மாநிலமெங்கும் சுமார் 2 கோடி நில ஆவணங்களைக் கணிப்பொறியில் ஏற்றியது. கைப்பட எழுதிய பஹணி செல்லாதென்றாயிற்று. பெரும் சாதனைதான். ஆயினும் பஹணி உடைமையைக் கூறினும், அவ்வுடைமையாளர் நகரில் சம்பளம் பெறுகிறாரா என்று கூறாது. கணிப்பொறி அறியாததை அடுத்த வயற்காரர் அறிவார். ஊராட்சி அலுவலகத்தில் பட்டியல் ஒட்டப்பட்டால்தான் அவ்வறிவு பயன்படும்.

பட்டியல் பிழைபட்டால் நேர்வதென்ன என்பதைத் தமிழ்நாடு 2020இல் கண்டது. பயனாளிகளின் எண்ணிக்கை திடீரெனப் பெருகியதை ஆராய்ந்தபோது, அலுவலர்களின் கடவுச்சொற்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதும், தகுதியற்ற சுமார் ஐந்தரை லட்சம் பேருக்கு ஏறத்தாழ ரூ.110 கோடி சென்றதும் வெளிப்பட்டன. நாடு முழுவதற்குமான கணக்கு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப்பட்ட வினாவுக்கான விடையாக 2021 ஜனவரியில் வெளிவந்தது: தகுதியற்றோர் 20.48 லட்சம், அவர்களுக்குச் சென்ற தொகை ரூ.1,364 கோடி. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வருமானவரி செலுத்துவோர்.

2005ஆம் ஆண்டின் அச்சட்டம் கேட்பதற்கு முன்னரே சிலவற்றை வெளியிடப் பணிக்கிறது. மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையும் பயனாளிகளின் விவரமும் அதன் 4ஆம் பிரிவில் அடங்கும்.

மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். ஐரோப்பாவில் மானியம் பெறுவோர் பெயர்கள் முழுமையாக வெளியிடப்பட்டன. ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநில உழவர்கள் வழக்குத் தொடுக்க, 2010 நவம்பர் 9இல் ஐரோப்பிய நீதிமன்றம், தொகை முதலிய வேறுபாடின்றித் தனிநபர் பெயர்களை வெளியிடுவது வரம்பு மீறியது என்று தீர்ப்பளித்தது. 2013இல் வகுக்கப்பட்ட விதி, சிறு தொகை பெறுவோரின் பெயரை மட்டும் மறைத்தது. நியாயமான இடைவழி இது. எனினும் நமது ரூ.6,000 அனைவர்க்கும் ஒரே அளவினதாதலால், அவ்வழி இங்கு அப்படியே பொருந்தாது. பெயரும் ஊரும் காட்டி, வங்கிக் கணக்கு எண்ணையும் ஆதார் எண்ணையும் மறைப்பதே நமக்கு ஏற்றது.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் தனிநபர் தகவலுக்கான விலக்கை விரிவாக்கியது. 4ஆம் பிரிவின் கடமையை அது நீக்கவில்லை என்பதை அலுவலர்கள் மனங்கொள்ள வேண்டும்.

பட்டியலில் இடமே பெறாத ஒரு சாராரும் உளர். கர்நாடகத்தில் 1974 முதல் நிலக்குத்தகை பெரும்பாலும் தடைசெய்யப்பட்டதால், வாய்மொழிக் குத்தகையில் உழுபவரின் பெயர் பஹணியில் ஏறுவதில்லை. உதவி நிலமுடையோர்க்கே செல்கிறது. சுவரில் ஒட்டிய பட்டியல் எவ்வளவு துல்லியமாயினும், பயிரிட்டவர் அதில் தம் பெயரைக் காண்பதில்லை.