மூடின துரும்பு

கடதாசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிராளி எப்போது அகப்படுவான் என்று காத்திருப்பது மட்டக்களப்பாருக்குப் பழகினதுதான். செத்த வீட்டுப் பந்தலில் விடிய விடிய நடக்கும் முந்நூற்று நாலு என்ற கடதாசி விளையாட்டு அப்படிப்பட்ட ஆட்டமே. ஆட்கள் நாலு பேர். எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு கட்சி.

கட்டில் ஏழிலிருந்து ஏஸ் வரை 32 கடதாசிகள். மதிப்பு வழக்கம்போல் இல்லை. ஜாக்தான் பெரியது, 30. அடுத்து ஒன்பது, 20. பிறகு ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304. பெயர் அங்கிருந்து வந்தது. ஒல்லாந்து நாட்டின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பில், அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தில், ஜாக்கும் ஒன்பதும்தான் உச்சி. இந்த ஒற்றுமையை வைத்து, 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரோடு இதை முடிச்சுப் போடத் தோன்றும். அவசரப்படக் கூடாது. ஐரோப்பாவில் அந்த வகை ஆட்டங்கள் எழுத்தில் தென்படுவதே 18ஆம் நூற்றாண்டில்தான்.

முதலில் ஆளுக்கு நாலு கடதாசி. அதைப் பார்த்து, எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்க வேண்டும், குறைந்தது 160. மொத்தத்தில் பாதி 152 என்பதால், கேட்கிறவர் பாதிக்கு மேல் எடுப்பதாகவே வாக்குக் கொடுக்கிறார். அதிகம் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்துக் கவிழ்த்து வைப்பார். அதன் இனம்தான் துரும்பு. பிறகே மற்ற நாலும் வரும்.

சுவாரசியம் இங்கே தொடங்குகிறது. கவிழ்த்து வைத்தது எந்த இனம் என்று அவருடைய கூட்டாளிக்கும் தெரியாது. ஒருவர் ஹார்ட்ஸ் ஏஸை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹார்ட்ஸ் இருப்பவர் அதையே போட்டாக வேண்டும். இல்லாதவர் வேறு ஏதாவதொன்றைக் கவிழ்த்துப் போடலாம். அது வெட்டாகவும் இருக்கலாம், வெறும் கழிவாகவும் இருக்கலாம்; போட்டவருக்கே நிச்சயமில்லை. கவிழ்ந்து கிடப்பதைத் துரும்பு வைத்தவர் மட்டும் எடுத்துப் பார்ப்பார். துரும்பு இனமாக இருந்தால் தன்னுடையதையும் திறந்து காட்ட வேண்டும்; வெட்டியவருக்கே அந்தப் பிடி, அதாவது அந்தச் சுற்றில் விழுந்த நாலு கடதாசியும். அதற்குப் பிறகு எல்லாம் வெளிச்சத்தில்தான். துரும்பு இல்லையென்றால் மறுபடி கவிழ்த்து வைத்துவிடுவார், பெரிய ஹார்ட்ஸுக்குப் பிடி போகும்.

கவிழ்த்துப் போடுவது இலவசமல்ல. உங்கள் கையில் எந்த இனம் தீர்ந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்; எதைக் கழித்தீர்கள் என்பது துரும்புக்காரருக்கு மட்டும் தெரியும். கூட்டாளிக்கு உதவுவதாக நினைத்து ஜாக்கைக் கவிழ்த்துப் போட்டு, அது துரும்பாக இல்லாமல், எதிர்க்கட்சிக்கு 30 போய்ச் சேர்வதும் நடக்கும். அந்த ஜாக்கைப் பற்றிய பேச்சு சவம் எடுத்த பிறகும் ஓயாது. நல்ல ஆட்டக்காரர் எதிர்க்கட்சி எந்த இனத்தை இறக்கத் தயங்குகிறது என்று கவனித்தே துரும்பை ஊகித்துவிடுவார்.

கை மிகப் பலமாக இருந்தால் துரும்பைத் தொடக்கத்திலேயே திறந்து வைத்தும் ஆடலாம். எல்லாப் பிடிகளையும் எடுப்பேன் என்று அறிவிப்பதும் உண்டு. கணக்கு வைக்கும் முறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் கேட்டதை எடுத்தால் வருவதைவிட எடுக்காமல் விட்டால் போவது கூட. அதனால்தான் அரைகுறைக் கை கிடைத்தவர் 160 என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிடுகிறது.